கஃபே விதி தளர்ந்தால் பிக்கப்பில் வி8 திரும்புமா?

டாலஸ்_தென்காசி:
2025 டிசம்பர் 3 அன்று வெள்ளை மாளிகையில் அறிவித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2031க்குள் புது வண்டிகளின் சராசரி கேலனுக்கு 50.4 மைல் வரவேண்டும் என்று 2024 ஜூனில் போட்ட கஃபே (CAFE, அமெரிக்காவின் சராசரி மைலேஜ்) விதியை சுமார் 34.5 மைலுக்கு இறக்கப் போகிறார்களாம். ஃபோர்டின் தலைமை அதிகாரி ஜிம் ஃபார்லியும், ராம் பிக்கப் செய்யும் ஸ்டெல்லான்டிஸின் தலைமை அதிகாரி அன்டோனியோ ஃபிலோசாவும் அருகிலேயே நின்றார்கள்.

நான் முழு அளவு பிக்கப் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். வார நாட்களில் அலுவலகம், சில வாரக் கடைசிகளில் சுமார் 7,000 பவுண்டு டிரெய்லர். டீலர் "இனி எல்லாரும் எட்டு சிலிண்டர் வி8க்குத் திரும்புவார்கள், இந்த ஆறு சிலிண்டர் டர்போ வி6 எல்லாம் விதிக்குப் பயந்து செய்தது" என்கிறார். உண்மையா? காத்திருக்கலாமா?

பெட்ரோல்வாசம்:
டீலர் சொன்னதில் தப்பே இல்லை. ராம் 1500 கதையைப் பாருங்கள். 2025 மாடலில் 5.7 லிட்டர் ஹெமி வி8ஐத் தூக்கிவிட்டு 3.0 லிட்டர் இரட்டை டர்போ, நேர்வரிசை ஆறு சிலிண்டர் 'ஹரிக்கேன்' எஞ்சினை வைத்தார்கள். காகிதத்தில் புதியதுதான் உசத்தி: சாதாரண ஹரிக்கேனே 420 குதிரைத்திறன், ஹெமி 395தான். ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்டது ஹெமியை. 2025 ஜூனில் நிறுவனமே இறங்கி வந்து, 2026 மாடலில் ஹெமி திரும்புகிறது என்று அறிவித்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 10,000 ஆர்டருக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். பக்கவாட்டில் ஒட்டுகிற சின்னத்துக்குப் பெயரே 'எதிர்ப்பின் சின்னம்'.

2026 மாடலின் சில டிரிம்களில் (வசதி அடுக்குகளில்) ஹரிக்கேனைவிட ஹெமிக்கு 1,200 டாலர் கூடுதல். குறைந்த குதிரைத்திறனுக்கு அதிகக் காசு கொடுக்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், சந்தை என்ன கேட்கிறது என்று புரிய வேண்டாமா?

நோவை_பொறியாளர்:
மிச்சிகனில் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் எஞ்சின் காலிபரேஷன் வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கஃபே விதி எந்த எஞ்சினையும் தடை செய்யவில்லை. அது ஒரு வண்டிக்கான விதியே அல்ல. ஒரு நிறுவனம் அந்த மாடல் ஆண்டில் விற்ற மொத்த வண்டிகளின் சராசரிக்கான விதி. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு 1975இல் வந்த சட்டம் இது. கார்களுக்குத் தனி அளவு, 'லைட் டிரக்'குகளுக்கு எப்போதும் அதைவிடத் தளர்வான அளவு. 2007 சட்டத்துக்குப் பிறகு இலக்கு 'ஃபுட்பிரின்ட்' கணக்கில் வருகிறது. அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி வரும் பரப்பு. பரப்பு பெரிதானால் இலக்கு இளகும்.

தண்டனை என்றால் அபராதம்தான். ஸ்டெல்லான்டிஸ் 2018, 2019 மாடல்களுக்காக 23.55 கோடி டாலரும், ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 2016, 2017 மாடல்களுக்காக 12.82 கோடி டாலரும் கட்டின. கட்ட மனமில்லாதவர்கள் டெஸ்லா மாதிரி மிச்சம் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் கிரெடிட் (இலக்கைத் தாண்டியதற்குக் கிடைக்கும் புள்ளி) வாங்கிக்கொண்டார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் இந்த அபராதத்தைச் சுழியம் ஆக்கிவிட்டார்கள், 2022 மாடலிலிருந்தே. டிசம்பர் அறிவிப்பைவிட இதுதான் பெரிய செய்தி. அபராதமில்லாத விதியில் எண் 50 என்று இருந்தால் என்ன, 34 என்று இருந்தால் என்ன? 50.4 ஏட்டில் இருக்கும்போதே ஹெமி திரும்பியது அதனால்தான் என்பது என் கணிப்பு.

ஓஎம்ஆர்_ராத்திரி:
சென்னையிலிருந்து ஒரு அப்பாவிக் கேள்வி. 50.4 மைல் என்றால் லிட்டருக்குச் சுமார் 21 கிலோமீட்டர். இங்கே சின்ன கார்கள் அதைச் சாதாரணமாகத் தருகின்றன. 34.5 என்றால் 14.7. இதற்கா இவ்வளவு சண்டை?

நோவை_பொறியாளர்:
அது ஆய்வகத்து எண், தம்பி. கஃபே கணக்குக்கு இன்னமும் 1970களின் இரண்டு சோதனை ஓட்டங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டும் எண் ஐந்து சோதனைகளை வைத்து வருவது, அது கணிசமாகக் குறையும். 50.4 என்பது ஸ்டிக்கரில் 40க்குக் கீழேதான். அப்புறம் அது கார், எஸ்யூவி, பிக்கப் எல்லாம் சேர்ந்த சராசரி. முழு அளவு பிக்கப்பில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஸ்டிக்கரில் 20ஐச் சுற்றித்தான் நிற்கின்றன. அதாவது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்.

கணக்குப்பிள்ளை:
பிக்கப்பில்தான் ஒவ்வொரு மைலும் பொன். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மைல் தரும் காரை விட்டு 40 மைல் காருக்கு மாறினால் மிச்சம் 125 கேலன். 12 மைல் தரும் டிரக்கை விட்டு 15 மைல் டிரக்குக்கு மாறினால் 250 கேலன். வெறும் 3 மைல் முன்னேற்றம், இரண்டு மடங்கு மிச்சம்! "டிரக்கை விட்டுவிடுங்கள், பாவம், காரைப் பிடியுங்கள்" என்று சொல்பவர்கள் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆனால் நடந்தது என்ன? எந்த விதி வந்தாலும் டிரக் ஒரு சந்து கண்டுபிடித்து வெளியே போய்விடும். எஃப்-150 என்ற பெயரே அப்படிப் பிறந்ததுதான். 1975இல் 6,000 பவுண்டுக்குக் குறைவான மொத்த எடைத் தகுதி (வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடை) உள்ள டிரக்குகளுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) ஈயமில்லாத பெட்ரோலும் அவசியமாயின. ஃபோர்டு என்ன செய்தது? அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டும்படி எஃப்-100க்கு மேலே ஒரு மாடல் போட்டது. 1977இலிருந்து எஃப் வரிசைதான் அமெரிக்காவின் முதல் விற்பனை டிரக்.

1978 சட்டத்தின் 'கேஸ் கஸ்லர்' (அதிகம் பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கான) வரியும் கார்களுக்கு மட்டும்தான், பிக்கப்புக்குக் கிடையாது. கிரைஸ்லரின் பிடி குரூசரைக் கஃபே கணக்கில் லைட் டிரக் என்று காட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? பார்த்தால் தாத்தா காலத்துக் கார் மாதிரி இருக்கும்.

ஃபுட்பிரின்ட் முறை வந்ததும் சின்ன பிக்கப்புக்கு இலக்கு கடுமை, பெரிதுக்குச் சலுகை. ஃபோர்டின் பழைய சின்ன பிக்கப் ரேஞ்சர் 2011இல் நின்றது. ஷெவர்லேயின் எஸ்-10 அதற்கு முன்பே, 2004இல் போய்விட்டது, அதற்கு இந்த விதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவில் புதிதாக எதையும் கொண்டுவர யாரும் அவசரப்படவில்லை. ஃபோர்டின் சின்ன மேவரிக் ஹைப்ரிட் வர 2022 மாடல்வரை காத்திருந்தோம். எஞ்சினைச் சின்னதாக்கச் சொன்ன விதி வண்டியைப் பெரிதாக்கியது.

ஹூஸ்டன்_மாமா:
வி8 செத்துவிட்டது, பிழைத்துவிட்டது என்று ஏன் அழுகிறீர்கள்? மாடிக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,850 கிலோ தாண்டினால் அந்த பிக்கப் இந்த லைட் டிரக் கணக்கிலேயே வராது. 250, 350, 2500, 3500 என்று எண் போட்ட வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம். அவற்றுக்கு 2014இலிருந்து தனி விதி. அதில் ஃபுட்பிரின்ட் இல்லை, எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும், நான்கு சக்கர இயக்கமா என்பதைச் சேர்த்து இலக்கு போடுகிறார்கள். அதிகம் இழுத்தால் அதிகம் குடிக்க அனுமதி. நியாயமான ஏற்பாடு.

அதனால்தான் எல்லோரும் எஞ்சினைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்தில், 2020 சூப்பர் டியூட்டி என்ற கனரக பிக்கப்புக்கு ஃபோர்டு 7.3 லிட்டரில் புத்தம்புது வி8 செய்தது. இரும்பு பிளாக் உண்டு, பழைய பாணி புஷ்ராட் உண்டு; டர்போ மட்டும் கிடையாது. 'காட்ஸில்லா' என்று செல்லப் பெயர். அதே ஆண்டு ஜிஎம் 6.6 லிட்டர் பெட்ரோல் வி8 போட்டது. ராம் 6.4 ஹெமியை விடவே இல்லை. அதன் கமின்ஸ் 6.7 டீசல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கால்வெஸ்டனுக்குப் போட் இழுத்துப் போகிறவன். டர்போ வி6 வண்டியும் வைத்திருந்தேன், வி8உம் வைத்திருந்தேன். பின்னால் எடை ஏறிவிட்டால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடிக்கும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வித்தியாசம் டிரெய்லரை மாட்டியதும் காணாமல் போய்விடும்.

நோவை_பொறியாளர்:
மாமா சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பெரிய பெட்ரோல் எஞ்சின் சும்மா உருளும்போதுதான் வீணாக்குகிறது. த்ராட்டில் (காற்று நுழையும் வழியில் உள்ள தட்டு) பாதி மூடியிருக்கும், எஞ்சின் காற்றை இழுக்கத் திணறும், அந்தத் திணறலுக்கே எரிபொருள் செலவாகும். எட்டு சிலிண்டர் உராய்வும் சேரும். அதே சுமையைச் சின்ன எஞ்சினுக்குக் கொடுத்தால் த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும், வீண் குறையும். அதனால் காலி வண்டியில் சின்ன டர்போ ஜெயிக்கிறது.

ஆனால் 7,000 பவுண்டை மேட்டில் இழுக்க வேண்டிய குதிரைத்திறனுக்கு இவ்வளவு காற்று, இவ்வளவு பெட்ரோல் என்று ஒரு கணக்கு உண்டு. டர்போ அந்தக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அழுத்தம் ஏறினால் தட்டல் (எரிபொருள் தானாகவே வெடிப்பது) வரும், அதைத் தவிர்க்க ஸ்பார்க்கைப் பின்தள்ளுவோம், திறன் போகும். டர்பைன் சூடேறினால் அதைக் காப்பாற்றக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக் குளிர வைத்த காலமும் உண்டு. அங்கே பெரிய எஞ்சின் நிம்மதியாக இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது அந்த 1970களின் சோதனையைப் பாருங்கள். நகர ஓட்டத்தில் உச்ச வேகம் மணிக்கு 56.7 மைல். நெடுஞ்சாலை ஓட்டத்தில் உச்சமே 60 மைல், சராசரி 48. டிரெய்லர் இல்லை. டெக்சஸ் ஐ-45 நெடுஞ்சாலையில் 60இல் போனால் பின்னால் வருபவர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். எங்கள் வேலையில் மார்க் கிடைப்பது இந்த மெதுவான, சுமையில்லாத ஓட்டத்துக்குத்தான். அதனால் எஞ்சின்கள் அதற்குப் பொருந்தும்படி வளர்ந்தன. ஃபோர்டு 2011இல் எஃப்-150க்கு 3.5 ஈகோபூஸ்ட் என்ற டர்போ வி6 கொண்டுவந்தது, 2015இல் உடலை அலுமினியமாக்கி 700 பவுண்டு வரை குறைத்தது. இரண்டில் அலுமினியம்தான் என் கண்ணுக்கு உண்மையான சாதனை. எடை குறைந்தால் சோதனையிலும் லாபம், சாலையிலும் லாபம்.

வி8காரர்களும் சும்மா இல்லை. ஜிஎம் 2019இலிருந்து எட்டு சிலிண்டரில் எதை எப்போது எரிப்பது என்பதை 17 விதமாக மாற்றுகிறது. மெதுவாகப் போகும்போது அது வி8 என்ற பெயரில் ஓடும் சின்ன எஞ்சின்.

பெட்ரோல்வாசம்:
அந்தச் சிலிண்டர் அணைக்கும் வித்தையில் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் பாகம்) போய் எத்தனை பேர் கேம்ஷாஃப்டோடு மாற்றினார்கள் என்று எந்தப் பட்டறையிலும் கேளுங்கள். விதிக்காகச் செருகிய பாகம் என்றைக்கு நன்றாக உழைத்திருக்கிறது? டொயோட்டாவையே பாருங்கள். 2022இல் டண்ட்ரா பிக்கப்பின் 5.7 வி8ஐ எடுத்துவிட்டு 3.4 இரட்டை டர்போ வி6 வைத்தார்கள். 2024 மேயில் ஒரு லட்சம் வண்டிக்கு மேல் திருப்பி அழைப்பு, எஞ்சினுக்குள்ளே இயந்திரச் சீவல் தங்கிவிட்டதாம். டொயோட்டாவுக்கே இந்த நிலைமை!

கணக்குப்பிள்ளை:
நண்பரே, சீவலைக் கழுவாமல் விட்டது தொழிற்சாலைச் சுத்தம் சம்பந்தப்பட்டது. அதற்குச் சிலிண்டர் எண்ணிக்கை என்ன செய்யும்? உங்கள் வழியிலேயே வருகிறேன். 2025 ஏப்ரலில் ஜிஎம் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. எந்த எஞ்சின்? டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8. கனெக்டிங் ராடிலும் கிராங்க்ஷாஃப்டிலும் உற்பத்திக் குறை, பேரிங் போய் எஞ்சின் நின்றுவிடலாம் என்றார்கள். சோதனையில் தப்பிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 எண்ணெயை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றி, எண்ணெய் மூடியையும் மாற்றிக் கொடுத்தார்கள். "வி8 என்றால் கோயில் தூண்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பெட்ரோல்வாசம்:
அதையேதான் நானும் சொல்கிறேன்! அந்த நீர்த்துப்போன எண்ணெயை ஊற்றச் சொன்னது யார்? மைலேஜுக்காகத்தானே?

நோவை_பொறியாளர்:
மெல்லிய எண்ணெய் உராய்வைக் குறைக்கத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே எண்ணெயில் லட்சக்கணக்கான எஞ்சின்கள் ஓடுகின்றன. கிராங்க் அளவு தவறியிருந்தால் மெல்லிய படலம் அதை மன்னிக்காது, கெட்டி எண்ணெய் கொஞ்சம் மன்னிக்கும்.

மட்டுறுத்துநர்:
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டிரம்ப், பைடன் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே எஞ்சின்.

டாலஸ்_தென்காசி:
நன்றி. சரி, காத்திருந்தால் இன்னும் நல்ல வி8 வருமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

நோவை_பொறியாளர்:
வரும். ஆனால் டிசம்பர் அறிவிப்பால் அல்ல.

ஜிஎம் தன் ஆறாம் தலைமுறை சிறு-பிளாக் வி8க்குப் பணம் ஒதுக்கியதாக அறிவித்தது 2023 ஜனவரியில். 85.4 கோடி டாலர், அதில் பெரும்பகுதி ஃப்ளின்ட் ஆலைக்கு. அப்போது ஆட்சி பைடனுடையது, விதி ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 8, 8, 10 சதவீதம் என்று 2024, 2025, 2026 மாடல்களுக்கு உயர்த்தி 2022இலேயே ஆணை வந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டேதான் புது வி8க்குக் காசு போட்டார்கள். பிறகு 2025 மேயில் பஃபலோ அருகே டோனவாண்டா ஆலைக்கு 88.8 கோடி டாலர். அங்கே முதலில் மின்வண்டி மோட்டார் செய்வதாக இருந்தது, அதை மாற்றி வி8 என்றார்கள். உற்பத்தி 2027இல்.

ஒரு எஞ்சின் குடும்பம் பதினைந்து, இருபது வருடம் ஓட வேண்டும், அப்போதுதான் போட்ட காசு திரும்பும். 5.7 ஹெமி 2003 மாடலில் வந்தது, இன்னும் ஓடுகிறது. விதியோ? 2012இல் 2025க்குள் 54.5 என்றார்கள். 2020இல் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் போதும் என்றார்கள். 2022இல் ஏற்றினார்கள், 2024இல் மேலும், 2025இல் இறக்கம். எந்த நிறுவனத் தலைவரும் டிசம்பர் அறிவிப்பை நம்பி 2040வரை ஓடும் எஞ்சினை வரைய மாட்டார். 2029 ஜனவரியில் யார் வருவார், அபராதம் திரும்புமா என்று யோசித்துத்தான் வரைவார். அதனால் எல்லாவற்றிலும் ஒரு கால் வைக்கிறார்கள்.

என் கணிப்பு இதுதான்: முழு அளவு பிக்கப்பில் வி8 இருக்கும், ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் சாமானாக. பெருவாரி விற்பனை டர்போ ஆறில். அப்புறம் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றாமல் மின்சாரம் மட்டும் தயாரிக்கும் வகை ஒன்று வரிசையில் நிற்கிறது. முழு மின்சார ராம் 1500 திட்டத்தை 2025 செப்டம்பரில் கைவிட்டார்கள், ஆனால் 3.6 லிட்டர் வி6 ஜெனரேட்டரும் 92 கிலோவாட்-மணி பேட்டரியும் வைத்த வண்டி உயிரோடு இருக்கிறது. ஃபோர்டும் 2025 டிசம்பர் நடுவில் மின்சார எஃப்-150 லைட்னிங்கை நிறுத்திவிட்டு அடுத்ததை இந்த வகையில் செய்வதாகச் சொல்லிவிட்டது. இழுக்கும் வேலைக்கு இது பொருத்தமான ஏற்பாடு. உச்சத் திறனை மோட்டார் பார்த்துக்கொள்ளும், எஞ்சின் சராசரித் திறனுக்கு இருந்தால் போதும். எட்டு சிலிண்டருக்கு அங்கே வேலை இல்லை. வி8ஐ உண்மையில் விரட்டக்கூடியது இதுதான், கஃபே அல்ல.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போனது. பெட்ரோல் விலை. 2008 ஜூலையில் அமெரிக்க சராசரி கேலனுக்கு 4.11 டாலர் தொட்டது. அதற்கு முன்பே, மே மாதத்தில், ஹோண்டா சிவிக் எஃப் வரிசையை விற்பனையில் முந்திவிட்டது. 35 மைல் கேட்ட 2007 சட்டத்தின் இலக்கு ஆண்டு 2020, அது எங்கோ தூரத்தில் இருந்தது. மூன்றே மாத விலையேற்றம் அந்தச் சட்டத்தை முந்திக்கொண்டது. விதியைத் தளர்த்தி வி8 வாங்குபவர்கள் பத்து வருடத்துக்குப் பெட்ரோல் விலை இப்படியே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். அந்தப் பந்தயத்தில் நான் சேர மாட்டேன்.

பெட்ரோல்வாசம்:
நான் சேர்ந்தாயிற்று. ஆர்டர் போட்டுவிட்டேன். 😀

ஹூஸ்டன்_மாமா:
தென்காசித் தம்பி, இவர்கள் பேச்சை விடு. எஞ்சினைப் பார்க்கும் முன் ஓட்டுநர் கதவைத் திற, கதவின் நிலைச்சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும். உன் 7,000க்கு 700 முதல் 1,050 பவுண்டு. அதோடு நீ, வீட்டுக்காரம்மா, பிள்ளைகள், ஐஸ் பெட்டி. விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்பார்கள், ஆனால் சொகுசு டிரிமில் சன்ரூஃபும் பெரிய சக்கரமும் போட்டால் இந்தச் சுமக்கும் எண் முதலில் காலியாகும். 1,700க்கு மேல் இருக்கிற டிரிமை எடு. 2.7 டர்போ ஆனாலும் சரி, 5.0 வி8 ஆனாலும் சரி, உன் எடைக்கு இரண்டுமே போதும். மாதத்தில் பெரும்பாலும் காலியாகத்தான் ஓட்டப் போகிறாய், அதனால் நான் என்றால் டர்போதான். நீளமான உத்தரவாதத்தோடு எடு.

டாலஸ்_தென்காசி:
மிக்க நன்றி மாமா. ஸ்டிக்கர் விஷயத்தை டீலர் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை கதவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஓஎம்ஆர்_ராத்திரி:
கடைசியாக ஒன்று. இங்கே டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 டீசல் கிடைக்கிறது, நன்றாக இழுக்கிறது. அந்த மாதிரி வண்டியை அங்கே ஏன் விற்பதில்லை? பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

கணக்குப்பிள்ளை:
1964இல் ஐரோப்பாவோடு கோழி இறைச்சித் தகராறு வந்தபோது, இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார்கள். கோழிச் சண்டை முடிந்துவிட்டது, வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஹைலக்ஸுக்குப் பதிலாக 1995இல் டகோமா வந்தது, பெட்ரோலில். அதோடு இங்கே டீசல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைத் தாண்டி வர ஆகும் செலவையும் சேர்த்தால் சின்ன டீசல் பிக்கப்பின் விலை முழு அளவு பிக்கப்பின் விலையை எட்டிவிடும். ஷெவர்லே கொலராடோவில் 2.8 டீசல் 2016இலிருந்து 2022வரை போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.